ஃபெலுதாவை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரலாமா? ராயின் துப்பறியும் கதையைக் குறும்படமாக எடுப்பது பற்றி ஒரு கேள்வி

கொக்குவில்_கமரா எழுதியது:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் 5 பேர், கொக்குவிலிலும் திருநெல்வேலியிலும் இருக்கிறோம். ஒரு கமரா, இரண்டு லென்ஸ், தேவைப்படும்போது இரவல் வாங்கும் ஒரு மைக், இவ்வளவுதான் சாமான். இதுவரை மூன்று குறும்படம் எடுத்திருக்கிறோம், மூன்றும் போரையும் பிரிவையும் பற்றியவை. அவற்றை எடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை, அப்படி இன்னும் எடுக்க வேண்டியவை இருக்கின்றன. ஆனால் போன வருடம் மூன்றாவது படத்தை வீட்டில் போட்டுக் காட்டியபோது 12 வயதுத் தம்பி பாதியில் எழும்பிப் போய்விட்டான். பிறகு கூப்பிட்டுக் கேட்டேன். "அக்கா, நான் பார்க்கிற மாதிரி ஒன்று எடுக்க மாட்டீங்களா?" என்றான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இங்கே எடுக்கிற படங்களில் அவன் வயதுப் பிள்ளைகளுக்கென்று எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தேன், ஒரு கை விரல்கூட நிரம்பவில்லை.

அவன் அப்போது வாசித்துக்கொண்டிருந்தது வங்காளத் திரைப்பட இயக்குநர் சத்யஜித் ராய் எழுதிய, ஃபெலுதா என்ற துப்பறிவாளரின் கதைகள், தமிழ் மொழிபெயர்ப்பில். அவன் படுத்த பிறகு நானும் எடுத்து வாசிக்கத் தொடங்கி ஒரு கிழமையில் கைக்குக் கிடைத்த எல்லாவற்றையும் முடித்துவிட்டேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ராயின் தாத்தா உபேந்திரகிஷோர் 1913 இல் 'சந்தேஷ்' என்று ஒரு சிறுவர் இதழ் தொடங்கினார். இடையில் நின்றுபோன அதை 1961 இல் ராய் ஒரு கவிஞர் நண்பரோடு சேர்ந்து திரும்பவும் கொண்டுவந்தார். அதற்காக 1965 இல் எழுதத் தொடங்கியதுதான் ஃபெலுதா. பிரதோஷ் சந்திர மித்தர் என்பது முழுப்பெயர். ஒன்றுவிட்ட தம்பி தபேஷ்தான் கதையைச் சொல்கிறான், ஃபெலுதா அவனைத் தொப்ஷே என்று கூப்பிடுவார். ஜடாயு என்ற புனைபெயரில் சாகச நாவல் எழுதும் லால்மோகன் கங்குலி, 1971 இல் வந்த 'சோனார் கெல்லா' (பொற்கோட்டை) நாவலில்தான் இவர்களோடு சேருகிறார். அதன் பிறகு மூன்று பேரும் சேர்ந்து ஊர் ஊராகப் போகிறார்கள்.

எங்கள் யோசனை முதல் கதையை எடுப்பது. அது டார்ஜிலிங்கில் நடக்கிறது. ஓய்வுபெற்ற ஒரு வழக்கறிஞருக்கு, அச்சடித்த எழுத்துகளை வெட்டி ஒட்டிய மிரட்டல் கடிதம் ஒன்று வருகிறது. கொலை இல்லை, இரத்தம் இல்லை, 25 நிமிடத்தில் சொல்லிவிடலாம். டார்ஜிலிங்கை விட்டுவிட்டு நல்லூருக்குக் கிட்ட ஒரு பழைய நாற்சார் வீட்டுக்குக் கதையைக் கொண்டுவந்தால் சரிவருமா? அந்த வயோதிபர் பழைய பொருட்கள் சேர்ப்பவர், அதற்கு இங்கே பஞ்சமில்லை.

ஆனால் மூன்று இடத்தில் இடிக்கிறது. ஒன்று, இந்தக் காலத்தில் யார் எழுத்து வெட்டி ஒட்டுகிறார்கள், வட்ஸ்அப்பில் அல்லவா மிரட்டுவார்கள்? கதையை 1965 இலேயே வைத்தால் அந்தக் காலத்துக் காரும் தெருவும் காட்ட எங்களிடம் காசு இல்லை. இரண்டாவது, முதல் கதையில் ஜடாயு இல்லை. ஜடாயு இல்லாத ஃபெலுதாவைத் தம்பி ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறான். மூன்றாவது, இவர்கள் மூவரும் எந்தத் தமிழில் கதைப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய_ரீல் எழுதியது:

பிள்ளை, கதையைத் தெரிவுசெய்ய முதல் ராய் தன் கதையைத் தானே படமாக்கும்போது என்ன செய்தார் என்று பாருங்கள். 'சோனார் கெல்லா' நாவலை வாசித்தால் யார் நல்லவன், யார் கள்ளன் என்று முடிவுக்குக் கிட்ட வரும்வரை நமக்குத் தெரியாது, ஏனென்றால் தொப்ஷேக்குத் தெரியாது. 1974 இல் அதே கதையைப் படமாக எடுத்தபோது அந்த மர்மத்தை அவரே தொடக்கத்தில் உடைத்துவிட்டார். முற்பிறவியில் பொற்கோட்டை ஒன்றைக் கண்ட ஞாபகம் வருவதாகச் சொல்லும் முகுல் என்ற பெடியனை ராஜஸ்தானுக்குக் கூட்டிப்போகிற டாக்டரைக் கள்ளர் இரண்டு பேர் மலைக்கோட்டையில் இருந்து தள்ளிவிடுகிறார்கள், அதை நாம் கண்ணால் பார்க்கிறோம். அந்த நிமிடத்தில் இருந்து நமக்குத் தெரியும், ஃபெலுதாவுக்குத் தெரியாது. பிள்ளை கள்ளனின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது, அவனை நம்பி. அந்தப் பதற்றம்தான் படத்தை இரண்டு மணித்தியாலம் இழுத்துக்கொண்டு போகிறது.

ஏன் அப்படிச் செய்தார் என்பதற்கு அதற்கு ஏழு வருடம் முதல் எடுத்த 'சிடியாகானா'வைப் பார்க்க வேண்டும். அது ஃபெலுதா இல்லை, வங்காளத்தின் மற்றப் பெரிய துப்பறிவாளர் ப்யோம்கேஷ் பக்‌ஷி, சரதிந்து பந்தோபாத்யாய் எழுதியது. உத்தம் குமார் நடித்தார். ராய்க்கு அந்தப் படத்துக்காகச் சிறந்த இயக்குநர் என்று தேசிய விருதும் கிடைத்தது. ஆனாலும் ராயின் நல்ல படங்களைச் சொல்லச் சொன்னால் அதை யாரும் சொல்வதில்லை, ராயே அதில் திருப்திப்படவில்லை. ஒரு காலனி நிறையச் சந்தேக நபர்கள், கடைசியில் எல்லோரையும் இருத்திவைத்து நீளமாக விளக்கம். புத்தகத்தில் அந்த விளக்கம் இனிக்கும், ஏனென்றால் பத்துப் பக்கம் திருப்பிப் போய்ச் சரிபார்க்கலாம். படத்தில் அப்படி முடியாது. பார்க்கிறவன் களைத்துவிடுவான்.

நீங்கள் எடுக்க நினைக்கிற முதல் கதையிலும் இதே பிரச்சினை இருக்கிறது. யார் கடிதம் எழுதியது என்ற ஒரு கேள்வியில்தான் முழுக்கதையும் தொங்குகிறது. அதை மறைத்தே எடுத்தால் கடைசி ஐந்து நிமிடம் ஒருவர் நின்று கதைத்துக்கொண்டிருப்பார், உங்கள் தம்பி திரும்பவும் எழும்பிப் போய்விடுவான்.

ஜடாயு விஷயத்தில் கவனமாக இருங்கள். சந்தோஷ் தத்தா என்ற நடிகர் அந்தப் பாத்திரத்தில் எப்படி ஒட்டிக்கொண்டார் என்றால், படம் வந்த பிறகு ராய் கதைகளுக்கு வரைந்த படங்களில் ஜடாயுவின் முகம் அவருடைய முகமாக மாறிவிட்டது. தொழிலில் அவர் வழக்கறிஞர். 1988 இல் அவர் காலமான பிறகு, அவர் இல்லாமல் இனி ஃபெலுதா படம் எடுக்க ஏலாது என்று ராய் விட்டுவிட்டார். எழுதியவரே அப்படிச் சொன்ன இடத்தில் நீங்கள் கால் வைக்கிறீர்கள். வைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, அந்த மொட்டைத் தலையையும் மீசையையும் பார்த்துப் போலியாகச் செய்யாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல ஆசை. 1993 இல் தூர்தர்ஷனில் பாசு சட்டர்ஜியின் ப்யோம்கேஷ் தொடர் ஓடியது, ரஜித் கபூர் நடித்தது. இந்தியா முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நமக்கு மின்சாரமே இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட காலம், ஜாம் போத்தல் விளக்கில் படித்த காலம். நான் அந்தத் தொடரை இருபது வருடம் கழித்து யூடியூபில்தான் பார்த்தேன். பார்த்துவிட்டு யோசித்தேன், இதை நாமும் எடுத்திருக்கலாமே என்று. பெரும்பாலும் நாலு சுவர், ஒரு மேசை, இரண்டு தேத்தண்ணிக் கோப்பை, வேட்டி கட்டிய இரண்டு பேர் கதைத்துக்கொண்டிருப்பது. செலவு தெரியவே தெரியாது, ஆனால் கண்ணை எடுக்க மனம் வராது. காசு இல்லை என்று கவலைப்படுகிறீர்கள் அல்லவா, முதல் அந்தத் தொடரில் நாலு பாகம் பாருங்கள்.

சாந்திநிகேதன்_போனவள் எழுதியது:

உங்கள் மூன்றாவது கேள்விதான் எனக்கு. சாந்திநிகேதனில் நாலு வருடம் சங்கீதம் படித்தேன், வங்காளம் அங்கே விடுதியில் காதால் பழகியது.

முதலில் பெயர். தமிழில் பல இடத்தில் 'ஃபெலுடா' என்று எழுதுகிறார்கள், நீங்கள் 'ஃபெலுதா' என்று எழுதியது எனக்கு நல்ல சந்தோஷம். அது 'தாதா' என்பதன் சுருக்கம், அண்ணை என்று அர்த்தம். நம் காதுக்கு 'டா' என்றால் ஒருவரைக் குறைத்துக் கூப்பிடுவது, அங்கே 'தா' மரியாதை. எழுத்து ஒன்று மாறினதில் உறவே தலைகீழாகிவிடுகிறது. தொப்ஷே என்பது தபேஷ் என்ற பெயரை வைத்து அண்ணன் வைத்த பட்டப்பெயர், அந்தப் பெயரில் அங்கே ஒரு மீன் இருக்கிறது. நம் ஊரில் மெலிந்த பெடியனை நெத்தலி என்கிற மாதிரி.

இப்போது முக்கியமான விஷயம். வங்காளத்தில் முன்னிலைக்கு மூன்று படி: துய், துமி, ஆப்னி. ஃபெலுதா தொப்ஷேயைத் 'துய்' என்பார். ஃபெலுதாவும் லால்மோகனும் எத்தனையோ ஊர் சேர்ந்து போயும் கடைசிவரை ஒருவரை ஒருவர் 'ஆப்னி' என்றுதான் கதைப்பார்கள், பெயரோடு 'பாபு' சேர்த்து. லால்மோகன் தொப்ஷேயைத் 'தபேஷ் பாய்' என்று தம்பி முறை சொல்லித் 'துமி' போட்டுக் கதைப்பார். இந்த மூன்று படிக்குள்தான் அவர்களுடைய நட்பின் அழகு முழுக்க இருக்கிறது. எவ்வளவு நெருங்கினாலும் மரியாதை குறையாது, எவ்வளவு மரியாதை இருந்தாலும் அன்பு தெரியும்.

சென்னைத் தமிழில் எடுத்தால் நீ, நீங்கள் என்று இரண்டு படிதான் கிடைக்கும். நம்மிடம் நீ, நீர், நீங்கள் மூன்றும் உயிரோடு இருக்கின்றன! லால்மோகன் அந்தப் பெடியனிடம் "தம்பி, நீர் சொல்லும் பார்ப்பம்" என்று கேட்பதை நினைத்துப் பாருங்கள். அந்த 'நீர்' அப்படியே 'துமி'. இதை வேறு எந்த ஊர்த் தமிழிலும் இவ்வளவு இயல்பாகச் செய்ய ஏலாது என்று நினைக்கிறேன். அதனால் யாழ்ப்பாணத் தமிழிலேயே எடுங்கள், ரீவிச் செய்தி வாசிக்கிற தமிழுக்குப் போகாதீர்கள்.

ஒரு இடத்தில் மட்டும் பொருந்தாது. தொப்ஷே அண்ணனைத் 'துமி' என்பான். நம் வீட்டில் இளையவன் மூத்தவரை 'நீர்' என்றால் அம்மாவிடம் அடி விழும். அங்கே 'நீங்கள்' என்றே போடுங்கள், 'அண்ணை' என்ற சொல் மிச்ச நெருக்கத்தைத் தந்துவிடும்.

வழக்குப்புத்தகம் எழுதியது:

எல்லோரும் ஆசையாகக் கதைக்கிறீர்கள், நான் சொல்லப்போவது யாருக்கும் பிடிக்காது. ஆனால் படம் எடுத்து முடித்த பிறகு தெரியவருவதை விட இப்போதே தெரிவது நல்லது.

ராய் காலமானது 1992 ஏப்ரல் 23. இந்தியச் சட்டத்தில் எழுத்தாளர் இறந்து 60 வருடம் பதிப்புரிமை இருக்கும், அதுவும் இறந்ததற்கு அடுத்த வருடத் தொடக்கத்தில் இருந்து எண்ணுவார்கள். அப்படியென்றால் 2052 முடியும்வரை. இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் 70 வருடம் என்கிறது. எந்தக் கணக்கில் பார்த்தாலும் உங்கள் தம்பி நரை விழுந்த ஆளாகும் வரை ஃபெலுதா கதைகள் ராய் குடும்பத்தின் உரிமை. மகன் சந்தீப் ராய் 2003 இல் இருந்து திரையரங்குக்கு ஃபெலுதா படங்கள் எடுத்துக்கொண்டு வருகிறார், ஆகவே அது எங்கோ மறந்துகிடக்கிற சொத்தும் இல்லை.

"நாங்கள் காசு உழைக்கவில்லை, யூடியூபில் சும்மா போடுகிறோம்" என்பதெல்லாம் அனுமதிக்குப் பதிலாகாது. கதையைத் தழுவுவதற்கே அனுமதி வேண்டும். பெயரை மாற்றிவிட்டு அதே கடிதம், அதே வயோதிபர், அதே முடிவு என்று எடுத்தாலும் தழுவல்தான். நீங்கள் வாசித்த தமிழ் மொழிபெயர்ப்பில் இருந்து வசனம் எடுத்தால் மொழிபெயர்ப்பாளருடைய உரிமையும் சேர்ந்து வரும், அதற்குத் தனி அனுமதி. ப்யோம்கேஷ் பக்கம் போகலாமா என்று கேட்பீர்கள். சரதிந்து காலமானது 1970, இந்தியக் கணக்கில் 2030 முடியவேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு குழு நாடகம் ஒன்றைக் கேட்காமல் படமாக எடுத்தது. நல்ல படம். ஒரு விழாவுக்கு அனுப்பத் தெரிவாகியும், உரிமைக் கடிதம் கேட்டபோது கொடுக்க ஒன்றும் இல்லாததால் அப்படியே பெட்டியில் கிடக்கிறது. இரண்டு வருட உழைப்பு. அதைப் பார்த்த வேதனையில்தான் இவ்வளவு சொல்கிறேன்.

உரிமை இல்லாதது எது என்றும் சொல்லவேண்டும். கெட்டிக்கார அண்ணன், கதை சொல்கிற இளையவர், பயந்த சுபாவமுள்ள எழுத்தாளர் நண்பர், மூன்று பேரும் பயணம் போகிற இடத்தில் ஒரு புதிர். இந்த யோசனைக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ராயும் அதைத்தானே செய்தார். ஹோம்ஸும் வாட்சனும் இல்லாமல் ஃபெலுதாவும் தொப்ஷேயும் இல்லை, அதை அவர் மறைக்கவும் இல்லை. லண்டனில் நடக்கிற கதையில் ஃபெலுதா பேக்கர் வீதியில் நின்று ஹோம்ஸைக் குருவாக நினைத்து வணங்குகிறார்.

யாழ்தேவி_ஜன்னல் எழுதியது:

வழக்குப்புத்தகம் அண்ணை சொன்ன கடைசிப் பந்தியைப் பிடித்துக்கொள்ளுங்கள் அக்கா. எனக்கு உரிமைப் பிரச்சினை இல்லாவிட்டாலும் ஃபெலுதாவை நல்லூர்க்காரனாக மாற்றுவதில் உடன்பாடு இல்லை. அவர் கல்கத்தாவில் ரஜனி சென் வீதி 21 ஆம் இலக்கத்தில் இருக்கிறவர், சார்மினார் சிகரெட் பத்துகிறவர், ஏதும் சந்தேகம் வந்தால் எல்லாம் ஞாபகம் வைத்திருக்கிற சித்து பெரியப்பாவிடம் ஓடுகிறவர். அதையெல்லாம் கழற்றிவிட்டால் அவரிடம் என்ன மிஞ்சும்? சுஜாதாவின் 'பிரியா' நாவலை 1978 இல் படமாக எடுத்தார்களே, ரஜினி கணேஷாக நடித்தது. அதைப் பார்த்த யாராவது கணேஷ் வசந்த் கதை பார்த்தேன் என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? ரஜினி படம் என்பார்கள், இளையராஜா பாட்டு என்பார்கள். நாவலை வாசித்தவர்கள் தேடிப்போனது அங்கே இல்லை.

ஆனால் 'சோனார் கெல்லா'வில் இருந்து கற்றுக்கொள்ள இருக்கிறது. ஜடாயு முதன்முதலில் வருகிற ரயில் காட்சி ஞாபகம் இருக்கிறதா? கான்பூரில் பெரிய சிவப்புப் பெட்டியோடு ஏறுகிறார். எதிரில் இருப்பவர்கள் வங்காளிகள் என்று தெரியாமல் உடைந்த ஹிந்தியில் கதைத்துக்கொண்டு வருகிறார், பிறகு தெரியவந்ததும் முகம் மலர்ந்துபோகிறது. தன் நாவலைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல, ஒட்டகத்தைப் பற்றி அதில் எழுதியது பிழை என்று ஃபெலுதா மெதுவாகத் திருத்துகிறார். கோபம் வரவேண்டிய இடம், ஆனால் மனுசன் அடுத்த பதிப்பில் சரிசெய்கிறேன் என்கிற மாதிரி நிற்கிறார். அந்த ஒரு காட்சியில் மூன்று பேரும் நமக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுகிறார்கள்.

இதே காட்சி நம் யாழ்தேவி ரயிலில் நடக்காதா? நான் மாதம் இரண்டு தரம் கொழும்பு போய் வருகிற ஆள், 1990 இல் நின்ற ரயில் 2014 இல் திரும்பவும் யாழ்ப்பாணம் வந்ததில் இருந்து இதுதான் என் வாழ்க்கை. அனுராதபுரத்தில் ஒருவர் பெட்டிகளோடு ஏறுகிறார். எதிரில் இருக்கிற அண்ணனையும் தங்கச்சியையும் பார்த்து, கஷ்டப்பட்டுச் சொற்களைத் தேடித் தேடிச் சிங்களத்தில் "இந்த இருக்கை வெறுமையா" என்று கேட்கிறார். அவர்களும் மரியாதைக்குச் சிங்களத்திலேயே பதில் சொல்கிறார்கள். இறால் வடைக்காரன் வருகிறான், மூன்று பேரும் சிங்களத்தில் விலை கேட்கிறார்கள். வடையைக் கடித்த தங்கச்சி "ஐயோ உறைக்குது" என்கிறாள். அவ்வளவுதான், அவர் எழும்பி நின்று சிரிக்கிறார். இது ஒவ்வொரு நாளும் அந்தப் பெட்டியில் நடப்பது, நானே இரண்டு பக்கத்திலும் இருந்திருக்கிறேன். இதைக் கற்பனை செய்ய வங்காளம் போகத் தேவையில்லை.

போன் பிரச்சினைக்கும் ஒன்று சொல்கிறேன். வங்காளிகள் இரண்டு விதமாகவும் செய்து பார்த்துவிட்டார்கள். சந்தீப் ராய் 'பாதுஷாஹி ஆங்டி' என்ற அறுபதுகளின் லக்னோ கதையை 2014 இல் எடுத்தபோது இந்தக் காலத்துக்கே கொண்டுவந்து கையில் போனைக் கொடுத்தார். ஸ்ரீஜித் முகர்ஜி 2020 இல் இணையத் தொடராக எடுத்தபோது பழைய காலத்துக்கே திரும்பிப் போனார். எனக்கு இரண்டாவது பிடித்தது, ஆனால் அது காசு உள்ளவர்களுக்கு. நீங்கள் கதையை நெடுந்தீவில் வையுங்கள். குறிகட்டுவான் இறங்குதுறைக்குக் கடைசிப் படகு போன பிறகு விடியும்வரை தீவை விட்டு யாரும் வெளியே போக ஏலாது. போன் வேலை செய்தாலும் பரவாயில்லை, களவுபோன பொருளை எடுத்தவர் தீவுக்குள்தான் இருக்கிறார், எல்லோருக்கும் அது தெரியும். பவளப்பாறைக் கல் அடுக்கிய மதில், பெருக்கமரம், ஒல்லாந்தர் காலத்துக் கோட்டையின் இடிபாடு, காட்டுக் குதிரைகள். செட்டுப் போட ஒரு சதமும் வேண்டாம்.

பழைய_ரீல் எழுதியது:

ஜன்னல் தம்பி சொன்ன வடைக் காட்சியை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். அதை எடுங்கள்.

நெடுந்தீவு பற்றி ஒரு எச்சரிக்கை. குதிரையும் மரமும் அழகு என்று ட்ரோன் பறக்கவிட்டுச் சுற்றுலா விளம்பரம் மாதிரி எடுத்துவிடாதீர்கள். 'சோனார் கெல்லா'வில் வருகிற ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் கோட்டை 12 ஆம் நூற்றாண்டில் இருந்து அங்கேதான் நிற்கிறது. ஆனால் வங்காளத்துப் பிள்ளைகளுக்கு அது பொற்கோட்டை ஆனது, முகுல் அதைத் தேடி அழுததால். இன்றைக்கும் கல்கத்தாவில் இருந்து குடும்பம் குடும்பமாக அதைப் பார்க்கப் போகிறார்கள். படத்தில் கோட்டை முழுசாகத் தெரிவது கதை எவ்வளவோ தூரம் போன பிறகுதான். அதுவரை அந்தப் பிள்ளை ஒவ்வொரு கோட்டையாகப் பார்த்து, இது இல்லை, இது இல்லை என்று தலையாட்டுகிறது. உங்கள் கதையில் குதிரையை யாராவது தேடவேண்டும், அப்போது காட்டுங்கள்.

அடிதடி இல்லாமல் எப்படிப் பயம் காட்டுவது என்று யோசிப்பீர்கள். 1979 இல் வந்த ராயின் அடுத்த ஃபெலுதா படமான 'ஜொய் பாபா ஃபெலுநாத்'தில் காசியில் வில்லன் மகன்லாலின் வீட்டுக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பாருங்கள். மகன்லாலாக நடித்த உத்பல் தத் உட்கார்ந்த இடத்தில் இருந்து எழும்பவில்லை. சர்பத் கொடுத்து உபசரிக்கிறார், பிறகு ஜடாயுவைப் பலகைக்கு முன்னால் நிறுத்திக் கிழவர் ஒருவரைக் கொண்டு சுற்றிவரக் கத்தி எறிவிக்கிறார். ஃபெலுதா ஒன்றும் செய்ய முடியாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு சொட்டு இரத்தம் இல்லை. பிள்ளைகள் பார்க்கிற படத்தில் அதைவிடப் பயங்கரமான காட்சி நான் பார்த்ததில்லை.

கொக்குவில்_கமரா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் குழுவில் இருந்து சத்தமாக வாசித்தோம், உரிமை பற்றிய பதிலை வாசித்தபோது எல்லோரும் அமைதியாகிவிட்டார்கள். அண்ணை, நீங்கள் சொல்லாவிட்டால் நாங்கள் அடுத்த மாதமே தொடங்கியிருப்போம்.

ஃபெலுதாவை எடுக்கவில்லை. முதலில் எனக்குத் தாங்கமுடியாத ஏமாற்றம்தான், அந்தப் பெயருக்காகவே தொடங்கியது. ஆனால் தம்பியிடம் போய்ச் சொன்னபோது அவன் கேட்டது வேறு: "அப்ப ஜடாயு மாதிரி ஒரு ஆள் வருவாரா?" வருவார் என்றேன். "தீவுக்குள் யாரும் வெளியே போக முடியாதா?" முடியாது என்றேன். பிறகு அவனே கொப்பி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து நெடுந்தீவின் வரைபடம் கீற ஆரம்பித்துவிட்டான்.

இப்போதைக்கு இவ்வளவு முடிவாகியிருக்கிறது. கதை சொல்வது ஒரு பெட்டை, வயது 13. ஃபெலுதா கதைகளில் எனக்கு இருந்த ஒரே குறை அங்கே பெண்பிள்ளைகளுக்கு இடமே இல்லாதது, அதை நம் கதையில் நிரப்பலாம். அண்ணன் பழைய ஆவணங்கள் படிக்கிற பல்கலைக்கழகப் பெடியன். மூன்றாவது ஆள் பாடசாலைகளுக்குப் பாடநூல் விற்கப் போகிறவர், இரவில் சாகசக் கதை எழுதுகிறவர். அவர் பெட்டையை 'நீர்' என்பார், அண்ணனை 'நீங்கள்' என்பார், சாந்திநிகேதன் அக்கா சொன்ன மாதிரியே. பொருளைத் திருடியது யார் என்பதை ஆறாவது நிமிடத்திலேயே பார்க்கிறவர்களுக்குக் காட்டிவிடுகிறோம், ஐயா. அதை எழுதிப் பார்த்த பிறகுதான் மிச்சக் கதை தானாக ஓடியது.

ரயில் காட்சியை முதல் எடுக்கிறோம். ஓடுகிற ரயிலில் எடுக்க அனுமதிக்கு எழுதியிருக்கிறோம், கிடைக்காவிட்டால் நிற்கிற பெட்டியில் ஜன்னலுக்கு வெளியே ஆட்களை விட்டு வெளிச்சத்தை அசைத்து எடுப்பதாக யோசனை. யாராவது அப்படிச் செய்திருந்தால் சொல்லுங்கள்.

மூன்றாவது ஆளுக்கு நடிகர் தேவை. வயது 50க்கும் 60க்கும் இடையில், யாழ்ப்பாணத்துக்குள் இருப்பவர், சிங்களம் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவர். மொட்டைத் தலை வேண்டாம், மீசை வேண்டாம். ஒத்திகை சனிக்கிழமைகளில் பின்னேரம் 4 மணிக்கு. வர விரும்பினால் இங்கேயே எழுதுங்கள்.